மா சிசோங் உண்மையிலேயே பெரிய வயலின் கலைஞரா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் மகள் மேற்கத்திய முறையில் வயலின் கற்கிறாள். ஆசிரியர் அவளுக்கு 'ஊர் ஏக்கம்' என்று பொருள்படும் ஒரு சீன மெட்டைக் கொடுத்திருக்கிறார். அதை எழுதிய மா சிசோங்கைப் பற்றித் தேடினால் ஓர் இடத்தில் 'சீனாவின் முதல் பெரிய கச்சேரி வயலின் கலைஞர்' என்று வருகிறது, இன்னோர் இடத்தில் 'தேசத்துரோகி என்று அறிவிக்கப்பட்டவர்' என்று வருகிறது. உலகப் போட்டிகளில் பரிசு வாங்கிய செய்தி எதுவும் கண்ணில் படவில்லை. அப்படியென்றால் இவர் வாசிப்பில் பெரிய ஆளா, அல்லது பட்ட கஷ்டத்தினால் பெரியவராக்கப்பட்டவரா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: போட்டியும் இசைத்தட்டும் இல்லாத ஒரு வயலின் வாழ்க்கையை எதை வைத்து அளப்பது? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

என் தகுதியையும் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். மேற்கத்திய வயலினை முப்பது வருஷமாக வாசிக்கிறேன், இருபது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த மெட்டை மேடையில் வாசித்திருக்கிறேன், மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். எனக்குச் சீன மொழி தெரியாது. அவர் வாழ்க்கையைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் ஆங்கிலம் வழியாக வந்தது. இசை பற்றி நான் சொல்வதை ஒரு வயலின் ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். அரசியல் பகுதியில், பல தரப்பும் ஒத்துக்கொள்ளும் விஷயங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மா சிசோங் பிறந்தது 1912 மே மாதம், தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஹாய்ஃபெங் என்ற கடலோர ஊரில். அந்த ஊரில் மேற்கத்திய வயலினுக்கு வேலையே கிடையாது. 1923இல் பிரான்ஸில் படித்துக்கொண்டிருந்த அவருடைய அண்ணன் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு வயலினோடு வந்தார். பதினொரு வயதுப் பையன் அதைக் கேட்டான். அந்த வருஷம் முடிவதற்குள் அண்ணனோடு கப்பலேறி பிரான்ஸுக்குப் போய்விட்டான். இந்த வயதைக் கொஞ்சம் கவனியுங்கள். வயலினை நான்கைந்து வயதில் தொடங்குவதுதான் வழக்கம். பதினொன்றில் தொடங்குகிற பிள்ளையைப் பெரிய மேடைக்குத் தயார்செய்ய எந்த ஆசிரியரும் யோசிப்பார். இடது கை விரல்கள் நன்றாக வளையும் காலம் முடிந்துகொண்டிருக்கும். அதோடு புது மொழி, புதுச் சாப்பாடு, குளிர்.

முதலில் நான்சி நகரத்து இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே போதவில்லை என்று பாரிஸுக்கே வந்து ஓபர்டோர்ஃபர் என்ற ஆசிரியரிடம் தனியாகப் படித்தார். நடுவில் கழுத்தில் நோய் வந்து வயலினைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. வயலின்காரருக்குக் கழுத்தில் நோய் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அந்த நாட்களில் கடற்கரை ஊர் ஒன்றில் ஓய்வெடுத்தபடி பியானோ கற்றார். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் இசையில் அவருக்குப் பிரியம் வந்ததும் அப்போதுதான் என்பார்கள். பின்னால் அவர் எழுதிய இசையில் பியானோ வெறும் துணையாக நிற்காமல், வயலினுக்குச் சமமாக வண்ணம் தீட்டும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நோய்க்காலம்தான் ஞாபகம் வரும். 1928இல் பாரிஸ் இசைக் கல்லூரியில் பூஷரியின் வகுப்பில் இடம் கிடைத்தது. கையில் வயலின் பிடித்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. பூஷரி யாரென்றால், சில வருஷம் கழித்து ஜினெட் நெவ என்ற அபாரமான வயலின் கலைஞரை உருவாக்கியவர். அந்த வகுப்பில் யாரையும் சும்மா சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வாசிப்பில் பெரிய ஆளா என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் முதல் சான்று இந்த ஐந்து வருஷம்தான்.

'முதல்' என்ற சொல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவரை முதல் சீன வயலின் கலைஞர் என்றும், சீன வயலின் இசையை முதலில் எழுதியவர் என்றும் பலர் எழுதுகிறார்கள். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷாங்ஹாயில் வெளிநாட்டினரே நிறைந்திருந்த நகராட்சி இசைக்குழுவில் டான் ஷூஜென் என்ற சீன வயலின் கலைஞர் 1927இலேயே சேர்ந்துவிட்டார். சீனர் ஒருவர் வயலினுக்கு எழுதிய இசையில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது, 1920 வாக்கில் பாரிஸில் லீ சிகுவாங் எழுதிய சின்னப் படைப்பு. அவர் தொழில்முறை இசைக்காரரே இல்லை, பிற்காலத்தில் சீனாவின் புகழ்பெற்ற நிலவியல் அறிஞர். ஆகவே மா சிசோங் முதலாமவரா என்பதை விட்டுவிடலாம். தனியாக மேடையில் நின்று வயலின் வாசிப்பதையே பிழைப்பாகக் கொண்டு, நாடு முழுக்கப் பெயர் தெரிந்த முதல் சீனர் இவர் என்றால் அதை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

1929இல் வீட்டில் பணமுடை. பதினாறு பதினேழு வயதில் ஊர் திரும்பினார். ஹாங்காங், குவாங்சௌ, ஷாங்ஹாய் என்று கச்சேரிகள். பத்திரிகைகள் 'இசை மேதைச் சிறுவன்' என்று எழுதின. அப்புறம் குவாங்டாங் அரசின் உதவியோடு மறுபடியும் பாரிஸ். இந்த முறை பினென்பாம் என்பவரிடம் இசை அமைக்கக் கற்றார். 1932இல் திரும்பி வந்து குவாங்சௌவில் நண்பரோடு சேர்ந்து ஓர் இசைப் பள்ளி தொடங்கினார். அதே காலத்தில் வாங் மூலி என்ற பியானோ கலைஞரை மணந்துகொண்டார். அதன்பின் அவர் கச்சேரி என்றால் பெரும்பாலும் பியானோவில் மனைவிதான். இத்தனை வருஷம் ஒரே பியானோ துணை கிடைப்பது வயலின்காரருக்குப் பெரிய பாக்கியம். மூச்சு எடுக்கும் இடம்கூட சொல்லாமலே ஒத்துப்போகும்.

இப்போது உங்கள் மகள் வாசிக்கும் மெட்டுக்கு வருகிறேன். 1937இல் அவர் மூன்று பகுதிகள் கொண்ட ஒரு தொகுப்பை எழுதினார். முதலில் சுய்யுவான் தொகுப்பு என்றும், பின்னாளில் உள்மங்கோலியத் தொகுப்பு என்றும் பெயர். அதன் நடுப்பகுதிதான் 'ஊர் ஏக்கம்'. மெட்டு அவருடைய சொந்தக் கற்பனை அல்ல. வடக்கே புல்வெளிப் பக்கம் பாடப்படும் ஒரு நாட்டுப்பாடல் அது. மதில்மேல் குதிரை ஓடுவதாகத் தொடங்கும் பாட்டு. தெற்குக் கடற்கரைக்காரர், அதிலும் பாரிஸில் வளர்ந்தவர், இந்த வடக்கத்திய மெட்டை எடுத்துக்கொண்டார். அதை மூல வடிவத்தில் ஒருமுறை வாசித்துவிட்டு, பின்பு வேறு வேறு உயரத்தில், வேறு வேறு பியானோ நிறத்தில் மாற்றி மாற்றிச் சொல்கிறார். அந்த வருஷக் கோடையில் ஜப்பானோடு முழுப் போர் தொடங்கிவிட்டது. கோடிக்கணக்கானவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு மூட்டையோடு உள்நாட்டுக்கு நடந்தார்கள். போருக்கு முன் எழுதப்பட்ட ஒரு சின்ன வயலின் மெட்டு, வீடிழந்த ஒரு தலைமுறையின் பாட்டாக மாறியது அப்படித்தான். அவரே அந்த அகதிகளில் ஒருவர். ஹாங்காங், சோங்சிங், குய்லின், குய்யாங் என்று ஊர் ஊராக அலைந்தார், போன இடமெல்லாம் வாசித்தார். எஃப் மேஜர் வயலின் கன்செர்ட்டோவை எழுதி முடித்தது 1944இல், அந்த அலைச்சலுக்கு நடுவில்தான். கன்செர்ட்டோ என்றால் ஒரு தனி வாத்தியம் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் பெரிய படைப்பு, முழு இசைக்குழுவுக்கும் தனித்தனியாகச் சுரம் எழுத வேண்டிய வேலை. மேஜைக்கே உத்தரவாதமில்லாத காலத்தில் அதைச் செய்திருக்கிறார்.

நம் காதுக்கு இந்த மெட்டு ஏன் அந்நியமாகத் தெரியவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். சீன நாட்டுப்பாடல்களில் பெரும்பகுதி ஐந்து சுரத்தில் நிற்பவை. அந்த ஐந்தை ஒரு சுரத்திலிருந்து தொடங்கினால் மோகனம். அதே ஐந்தை வைத்துக்கொண்டு ஆதார சுரத்தை மட்டும் நகர்த்தினால் மத்தியமாவதி, இந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி என்று வரும். கர்நாடக இசையில் கிரக பேதம் என்கிறோமே, அதேதான். சீன இசையிலும் ஐந்து சுரத்தில் எது வீடு என்பதைப் பொறுத்து ஐந்து வகை பிரித்திருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு உடனே ஒன்றைச் சேர்க்க வேண்டும்: சுரம் ஒத்துப்போவதால் ராகம் ஒன்றாகிவிடாது. கமகம் வேறு, இழைப்பு வேறு, பிடி வேறு. மோகனம் மாதிரி இருக்கிறதே என்று உங்கள் மகள் அதில் அசைவுகளைச் சேர்த்தால் மெட்டு கெட்டுவிடும். என்னிடம் கர்நாடக சங்கீதம் கற்றுவிட்டு வந்த ஒரு மாணவன் அப்படித்தான் வாசித்தான். அழகாக இருந்தது, ஆனால் அது வேறு பாட்டாகிவிட்டது.

அவர் செய்த காரியத்தின் கனம் எங்கே இருக்கிறது என்பதை இந்த இடத்தில் காட்டலாம். ஐந்து சுர மெட்டுக்குக் கீழே மேற்கத்திய முறையில் சாதாரணத் துணைச்சுரங்களைப் போட்டால் அது சட்டென்று கிறிஸ்தவ தேவாலயத்துப் பிரார்த்தனைப் பாட்டு மாதிரியோ சின்னப் பிள்ளைகள் பாட்டு மாதிரியோ ஆகிவிடும். மா சிசோங் அதற்கு பிரெஞ்சு வழியைப் பிடித்தார். துணைச்சுரங்கள் உறுதியாக ஓர் இடத்தில் போய் உட்காருவதில்லை, நிறம் மாறிக்கொண்டே இருக்கும். மேலே மெட்டு அப்படியே நாட்டுப்பாடலாக நிற்கும். டெபுஸியே கீழ்த்திசை இசையைக் கேட்டுத் தன் வழியை அகலப்படுத்திக்கொண்டவர் என்பதால், அந்தக் கருவி இந்தக் கைக்கு இயல்பாக வந்தது என்று நினைக்கிறேன். அப்புறம் வில். சீன நாட்டுப்பாடகர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குரலை வழுக்கிக்கொண்டு போவார். சீனத்து இரண்டு தந்தி எர்ஹுவிலும் அது உண்டு. அதை வயலினில் எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் சங்கடம். கொஞ்சம் கூடினால் அழுகை, கொஞ்சம் குறைந்தால் பாடப்புத்தகம். 1941இல் அவர் எழுதிய திபெத் இசைக்கவிதையும் இதே கேள்வியை இன்னும் பெரிய அளவில் எடுத்துப் பார்க்கும். இன்று சீன வயலின் இசை என்று உலகமே அறிந்திருப்பது 1959இல் ஷாங்ஹாயில் மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய பட்டாம்பூச்சிக் காதலர் கன்செர்ட்டோ. ஆனால் வயலினைச் சீனக் குரலில் பாட வைக்கலாம் என்பதை அதற்கு இருபது வருஷம் முன்பே இவர் செய்து காட்டிவிட்டார்.

அவர் வாசிப்பு எப்படி இருந்தது என்பதில் என் தீர்ப்புக்கு எல்லை உண்டு. கேட்கக் கிடைப்பவை பழைய பதிவுகள், இரைச்சல் நிறைந்தவை. அவற்றை வைத்து ஒரு கூடம் நிறைய அவர் நாதம் எப்படி ஒலித்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு வாக்கியத்தை எங்கே தொடங்கி எங்கே மூச்சுவிட்டு எங்கே முடிக்கிறார் என்பது மட்டும் தெளிவாகக் கேட்கும். அதில் அவர் நிச்சயமாகப் பெரிய கை. 'ஊர் ஏக்க'த்தை இன்று பலர் வாசிப்பதைவிட அவர் மெட்டை நகர்த்திக்கொண்டே போகிறார். துக்கத்தை நின்று நின்று காட்டுவதில்லை. அந்த நூற்றாண்டின் உச்ச வயலின் கலைஞர்களான ஹைஃபெட்ஸ், ஓய்ஸ்ட்ராக் வரிசையில் வைப்பீர்களா என்றால் வைக்க மாட்டேன். தொழில்நுட்பத்தில் அந்த இடம் வேறு. அதற்கு அவசியமும் இல்லை என்பது என் எண்ணம்.

1949இல் புது கம்யூனிஸ்ட் அரசு அமைந்ததும் நாட்டின் மத்திய இசைக் கல்லூரிக்கு அவரை முதல் தலைவராக்கினார்கள். அப்போது வயது முப்பத்தேழு. கல்லூரி முதலில் தியன்ஜினில் இயங்கி, 1958இல் பெய்ஜிங்குக்கு மாறியது. நிர்வாகம், வகுப்பு, இவற்றுக்கு நடுவே நாடு முழுக்கக் கச்சேரிப் பயணம். 1955இல் வார்சாவில் நடந்த ஷோப்பான் பியானோப் போட்டிக்கு நடுவராகப் போய்வந்தார். உங்கள் கேள்வியில் 'போட்டி' வந்ததால் இதைச் சொல்கிறேன்: அவர் போட்டியில் நின்றவர் அல்ல, நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தவர். கவிஞர் குவோ மோரோ எழுதிய வரிகளுக்கு 1950இல் அவர் போட்ட மெட்டு, சீனச் சிறுவர் முன்னோடிகள் அமைப்பின் பாடலானது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு பாடியது அவர் மெட்டைத்தான். 'ஊர் ஏக்கம்' வெளிநாட்டில் இருக்கும் சீனர்களுக்கான வானொலி ஒலிபரப்பின் தொடக்க இசையாக இருந்தது. இவ்வளவு இருந்தும் ஐம்பதுகளின் நடுவிலேயே, அவர் கச்சேரி நிரலில் வெளிநாட்டு இசை அதிகம் என்று இசைப் பத்திரிகையில் விவாதம் கிளம்பிவிட்டது. வரப்போவதன் வாசனை அதில் இருந்தது.

1966 கோடையில், பழைய பண்பாட்டையும் மேற்கத்தியப் பாதிப்பையும் ஒழிப்பதாகச் சொல்லி மாவோ நடத்திய கலாச்சாரப் புரட்சி தொடங்கியபோது அவரைப் போன்றவர்கள்தான் முதலில் அகப்பட்டார்கள். மேற்கே படித்தவர், மேற்கத்திய வாத்தியம், பதவியில் இருப்பவர். சொந்தக் கல்லூரியின் வளாகத்திலேயே தலையில் பசையை ஊற்றி, காகிதக் கூம்புத் தொப்பி மாட்டி, கழுத்தில் பலகை தொங்கவிட்டு நிற்க வைத்தார்கள். அடித்தவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். 'மா' என்ற சீன எழுத்துக்குக் குதிரை என்று பொருள். குதிரைக்குப் புல்தான் தீனி என்று சொல்லி அவரைப் புல் தின்ன வைத்தார்கள். இந்த விவரங்களில் பல, அவர் தப்பிய பிறகு 1967இல் அமெரிக்காவின் லைஃப் இதழில் வந்த அவருடைய சொந்தக் கூற்றிலிருந்து வருபவை. பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம், அமெரிக்கப் பத்திரிகை. அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் நீதிமன்ற சாட்சியமாக எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரும் மற்ற பேராசிரியர்களும் அவமானப்படுத்தப்பட்டார்கள், அடிக்கப்பட்டார்கள், அடைத்து வைக்கப்பட்டார்கள் என்பதைப் பின்னாளில் சீனாவிலேயே வெளியானவையும் உறுதிசெய்கின்றன. அதில் சந்தேகம் இல்லை.

மனைவியும் இளைய பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே பெய்ஜிங்கைவிட்டுத் தெற்கே போயிருந்தார்கள். சற்று ஓய்வு கிடைத்த நேரம் பார்த்து அவரும் போய்ச் சேர்ந்தார். 1967 ஜனவரி 15 இரவு, நான்கு பேரும் குவாங்சௌ பக்கத்திலிருந்து ஒரு சின்ன மோட்டார் படகில் ஏறினார்கள். விடிந்தபோது ஹாங்காங். உடன் கொண்டுபோனது அதிகமில்லை, வயலின் இருந்தது. ஐம்பத்துநான்கு வயது. படகில் போகும்போது வயலின் பெட்டிக்கு என்ன ஆபத்தெல்லாம் வரலாம் என்று யோசித்துப் பார்க்கிறேன். உப்புக்காற்று பட்டால் பசை விடும், தந்தி துருவேறும், ஈரம் ஏறினால் மரம் உப்பும். அத்தனையும் தெரிந்தவர்தான் அதை எடுத்துக்கொண்டு ஏறினார்.

'தேசத்துரோகி' என்ற பட்டம் அந்தப் படகுப் பயணத்துக்காக வந்தது. அவர் தப்பியதற்கான விலையை அங்கே இருந்தவர்கள் கொடுத்தார்கள். உறவினர்கள், நண்பர்கள், உதவியவர்கள் என்று பலர் விசாரணைக்கும் சிறைக்கும் போனார்கள். சிலர் உயிரோடு மீளவில்லை. இதை நான் லேசாகக் கடந்துபோக விரும்பவில்லை. அவருக்கு இது கடைசிவரை ஆறாத புண்ணாக இருந்திருக்க வேண்டும். அவர் போயிருக்கக் கூடாது என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்த வளாகத்தில் ஒரு நாள் நின்று பார்க்காத நான் அதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அரசு என்ன சொன்னது என்பது மட்டும் நிச்சயம்: 1985 தொடக்கத்தில், அவர்மேல் போட்ட துரோகக் குற்றச்சாட்டு தவறு என்று சீன அரசே ரத்து செய்தது. இதை எழுதாமல் 'தேசத்துரோகி' என்று மட்டும் எழுதும் பக்கங்கள் பாதிக் கதையைச் சொல்கின்றன.

அமெரிக்காவில் பிலடெல்பியாவில் குடியேறினார். அவருடைய தம்பி மா சிஹோங்கும் வயலின் கலைஞர்தான், ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்தார். அங்கே மா சிசோங் தொடர்ந்து எழுதினார். பழைய சீன மாயக்கதை ஒன்றை வைத்து ஒரு பாலே, ரெபியா என்ற ஓபரா, இரண்டு வயலின்களுக்கான கன்செர்ட்டோ எல்லாம் அந்தக் காலத்தவை. தைவானுக்குப் போய் வாசித்தார். ஆனால் வயலின் கலைஞர் என்ற வகையில் அவர் வாழ்க்கை 1966இலேயே உடைந்துவிட்டது என்றுதான் சொல்வேன். அவர் இசையைத் தாய்மொழியாகக் கேட்ட கூட்டம் சீனாவில் இருந்தது, அவரால் அங்கே வாசிக்க முடியாது. அமெரிக்க மேடையில் ஐம்பத்தைந்து வயதில் புதிதாக அறிமுகமாகும் வயலின் கலைஞருக்கு இடம் கிடைப்பது மிகக் கடினம். வயலினில் ஐம்பத்தைந்துக்கு மேல் கைவேகம் தானாகக் குறையும். பழைய ரசிகர்கள்தான் அந்தக் குறையைத் தாங்கிக்கொள்வார்கள். அவருக்கு அந்த ரசிகர்கள் இல்லாமல் போனார்கள். குற்றச்சாட்டு ரத்தான பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. 1987 மே 20 அன்று, இதய அறுவைச் சிகிச்சையின்போது பிலடெல்பியாவில் காலமானார். இருபது வருஷம் கழித்து, 2007 டிசம்பரில் அவருடைய அஸ்தியும் மனைவியின் அஸ்தியும் குவாங்சௌவுக்கு வந்து, அங்கே வெண்மேக மலையில் அடக்கம் செய்யப்பட்டன.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எதை வைத்து அளப்பது? நான் வயலின் ஆசிரியன் என்பதால் மாணவர் வழியைத்தான் பார்ப்பேன். மா சிசோங்கிடம் படித்தவர்களில் ஒருவர் லின் யாவோஜி. 1937இல் பிறந்தவர், அவரும் குவாங்டாங்காரர். பிறகு மாஸ்கோவில் யான்கெலெவிச் என்ற வயலின் ஆசிரியரிடம் படித்துவிட்டு வந்து, அதே மத்திய இசைக் கல்லூரியில் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார், 2009இல் காலமானார். லின் யாவோஜியின் மாணவர் ஷுவே வேய் 1986இல் மாஸ்கோ சைக்கோவ்ஸ்கி போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினார். 2002இல் அதே போட்டியில் அதே பரிசை வாங்கிய சென் ஷியும் லின் யாவோஜியின் மாணவரே. இன்னொரு மாணவர் ஹூ குன் லண்டனில் ராயல் அகாடமியில் ஆசிரியரானார். அந்த ஹூ குன்னிடம் படித்த நிங் ஃபெங் 2006இல் ஜெனோவாவில் பாகனினி போட்டியின் முதல் பரிசை வென்றார். நீங்கள் தேடிய பரிசுகள் இப்படி மூன்றாம் தலைமுறையில் வந்து சேர்ந்திருக்கின்றன. இதில் நான் மிகைப்படுத்தக் கூடாது. லின் யாவோஜியின் கற்பிக்கும் முறையில் ரஷ்யப் பயிற்சியின் பங்கு பெரிது, அவருடைய சொந்த மூளையின் பங்கு அதைவிடப் பெரிது. எல்லாச் சீன வயலின் கலைஞர்களும் இந்த வழியில் வந்தவர்களும் அல்ல. 1987இல் பாகனினி போட்டியில் வென்ற முதல் ஆசியரான லூ சிசிங்கின் பாதை வேறு. பதினொரு வயதில் புகழ்பெற்ற வயலின் கலைஞர் மெனுஹின் அழைத்து இங்கிலாந்தில் தன் பள்ளியில் சேர்த்துக்கொண்ட பிள்ளை அவர். ஆனால் நாட்டில் வயலின் சொல்லிக்கொடுக்க ஒரு முறையான கூடம் இருந்தது, அதற்குத் தகுந்த தரத்தை முதலில் வைத்தவர் இவர் என்பதை யாரும் மறுப்பதில்லை.

ஆக, என் பதில்: வாசிப்பில் அவர் உண்மையான, முறையான, நல்ல கச்சேரிக் கலைஞர். உலகின் முதல் ஐந்து பேரில் ஒருவர் அல்ல. இசை எழுதியவராக, வயலின் வரை மட்டும் பேசினால், அவர் காலத்துச் சீனாவில் அவருக்கு இணை இல்லை. துன்பம் அவரைப் பெரியவராக்கவில்லை. துன்பம் வருவதற்கு முப்பது வருஷம் முன்பே 'ஊர் ஏக்கம்' எழுதப்பட்டாகிவிட்டது.

உங்கள் மகளுக்கு சில நடைமுறை யோசனைகள். முதல் வாரம் வயலினைத் தொடாமல் மெட்டைப் பாடச் சொல்லுங்கள். பாடும்போது எங்கே மூச்சு வாங்குகிறாளோ அங்கேதான் வில்லைத் திருப்ப வேண்டும். அச்சில் இருக்கும் வில் குறிகள் அதற்குப் பிறகு. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் சறுக்கல்களை ஆரம்பத்தில் முற்றிலும் தவிர்த்து வாசிக்கட்டும். மெட்டு நேராக நின்ற பிறகு, இரண்டு இடத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். எந்த இரண்டு என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். மாறுபாடுகளில் வேகம் கூடும் இடத்தில் வில்லின் நடுப்பகுதியில் இருக்கட்டும், நுனிக்குப் போனால் நாதம் மெலிந்துவிடும். பியானோத் துணையைக் கட்டாயம் ஏற்பாடு செய்யுங்கள், பதிவுசெய்த துணையாக இருந்தாலும் பரவாயில்லை. பாதி இசை அதில்தான் இருக்கிறது. முடிவு மிக மெதுவாகக் கரைந்துபோகும். கடைசிச் சுரம் நின்ற பிறகும் வில்லை உடனே தந்தியிலிருந்து தூக்காமல், பியானோ அடங்கும்வரை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள்.